ஜிம்மியின் இருபத்து மூன்று நாட்கள்

1

நேற்று என் மனைவி மரகதத்தின் ஏழாவது நினைவு நாள். மெல்பர்ன் நகரத்தின் மேற்குப் பக்கத்தில் என் மகள் கவிதாவின் வீட்டில் நான் கழித்த ஆறாவது நினைவு நாள் இது. முதல் வருடத்துக் காரியத்தைத் திருவொற்றியூர் வீட்டிலேயே முடித்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

இந்த நாளில் எங்கள் வீட்டில் இரண்டு படங்களுக்குப் பூ வைப்போம். ஒன்று மரகதம். அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் சிறிய சட்டத்தில், அவள் வளர்த்த நாய் ஜிம்மி. சாப்பாட்டுக்கு முன்னால் கவிதா ஒரு கதை சொல்வாள். அம்மா போன அன்றிலிருந்து ஜிம்மி சோறு தொடவில்லை, கண்ணீர் விட்டது, இருபத்து மூன்றாம் நாள் அதுவும் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கதை. என் பேத்தி நிலாவுக்குப் பதினான்கு வயது. தமிழ் புரியும், பேச்சு முக்கால்வாசி ஆங்கிலம்தான். எங்கள் ஊரைப் பற்றி நான் எதை ஆரம்பித்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் அவள் கண் கைபேசிக்குப் போய்விடும். இந்த ஒரு கதையை மட்டும் முழுதாகக் கேட்பாள். பள்ளியில் மேடையேறிச் சொல்லியிருக்கிறாள்.

கவிதாவுக்கு அந்தக் கதை வேறு விதத்தில் வேண்டியிருந்தது. மரகதம் ஒரு காலையில் திடீரென்று போனாள். கவிதா வந்து சேர்ந்தது மூன்றாம் நாள். அதுவரை உடலை வைத்திருக்க முடியவில்லை, எடுத்ததை அவள் இங்கிருந்து கைபேசித் திரையில்தான் பார்த்தாள். "நான் வந்து அழ முடியாத இடத்துல அது அழுதுச்சுப்பா" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னாள். ஒரு தடவைதான். நான் மறக்கவில்லை.

அந்தக் கதையை இந்த வருடம் நான் கெடுத்துவிட்டேன். எப்படி என்று எழுதுகிறேன். ஊரில் நாய் வளர்ப்பவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கு ஒரு உபயோகம் இருக்கும்.

2

இங்கே எங்கள் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. பெயர் மைலோ, வயது பத்து. அதற்கு ஒரு பல் துலக்கி உண்டு. கோழி வாசனை அடிக்கும் பற்பசை உண்டு. நிலா அதை மடியில் போட்டுக்கொண்டு துலக்கியதை முதலில் பார்த்தபோது நான் சிரித்தேன். எங்கள் தெருவில் பத்துப் பதினைந்து நாய்கள் இருந்தன, ஒன்றுகூடப் பல் துலக்கியதில்லை என்றேன். போன வருடம் அவளுக்குப் பாடச் சுமை ஏறியதும் துலக்குவது வாரத்துக்கு ஒன்றாகி, பிறகு நின்றுபோனது. நான் அதையும் கவனித்தேன். எத்தனை வாரம் என்றுகூடச் சொல்ல முடியும். எடுத்துச் செய்ய மட்டும் தோன்றவில்லை.

சென்ற மாதம் பள்ளி முகாமுக்காக நிலா ஐந்து நாள் வெளியூர் போனாள். மாப்பிள்ளைக்கு மேற்குக் கோடியில் சுரங்க வேலை, மாதத்தில் ஒரு வாரம்தான் வீடு. கவிதா முதியோர் இல்லத்தில் செவிலி, நேரங்கெட்ட ஷிப்டுகள். ஆகவே மைலோவுக்குத் தீனி வைப்பது என் பொறுப்பு. முதல் நாள் கிண்ணத்தில் வைத்தேன். ஓடி வந்தது, முகர்ந்தது, ஒரு வாய் எடுத்தது, கீழே போட்டது, என்னைப் பார்த்தது, போய்ப் படுத்துக்கொண்டது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கவிதாவிடம் சொன்னேன்.

"நிலாவுக்காக ஏங்குதும்மா. நம்ம ஜிம்மி மாதிரியே."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நிலாவுக்குச் செய்தி அனுப்பினாள். நிலாவும் அங்கே முகாமில் அழுதாளாம். நாங்கள் மூவரும் உருகிக்கொண்டிருந்தபோது நாய் பட்டினி கிடந்தது.

நிலா திரும்பி வந்தபிறகும் அது சரியாகச் சாப்பிடவில்லை. ஏக்கம்தான் காரணமென்றால் அவள் வந்தவுடன் தீர்ந்திருக்க வேண்டும். எனக்கு அது இடித்தது, ஆனாலும் வாய் திறக்கவில்லை. நிலாதான் மருத்துவரிடம் நேரம் வாங்கினாள். கவிதாவுக்கு அன்று பகல் ஷிப்ட் என்பதால் நானும் நிலாவும் போனோம்.

காத்திருக்கும் அறையில் ஒரு பெண் வந்து "மைலோ ஏகாம்பரம்" என்று அழைத்தாள். ஏகாம்பரம் என்பது நான். என் பெயர் கவிதாவின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக ஏறி, அவள் நாயைப் பதிந்தபோது நாய்க்கும் இறங்கிவிட்டது. நிலாவுக்கு அவள் அப்பாவின் பெயர். ஆகவே இந்தத் தேசத்தில் என் பெயரைச் சுமப்பவர்கள் இருவர்தான், என் மகளும் ஒரு நாயும். எழுந்து போனேன். வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பிராணிக்கு நீங்கள் என்ன உறவு என்று ஒரு கட்டம். யோசித்துவிட்டுத் தாத்தா என்று ஆங்கிலத்தில் எழுதினேன். நிலா அடித்துவிட்டு வேறு எழுதினாள்.

மருத்துவர் இளம் பெண். என்ன தொந்தரவு என்று கேட்டாள். "ஹீ ஈஸ் ஃபீலிங்" என்றேன். அவள் மீதி வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். நம் ஊரில் அதுவே முழு வாக்கியம் என்று அவளுக்கு எப்படித் தெரியும். நிலா குறுக்கே வந்து, சாப்பிட மாட்டேன் என்கிறது என்று சொன்னாள்.

மருத்துவர் மைலோவின் உதட்டைத் தூக்கினாள். முன் பற்கள் வெள்ளையாக இருந்தன. உள்ளே, மேல் தாடையில், கடைவாய்ப் பக்கம், பழுப்பாக ஒரு சிமெண்டுப் பூச்சுப் போலக் காரை கட்டியிருந்தது. ஈறு சிவந்து பற்களிலிருந்து விலகியிருந்தது. வாடை எனக்கே எட்டியது. நாய்க்கு நாற்பத்திரண்டு பல் என்றாள். எனக்கு மிச்சம் பத்தொன்பது, அவ்வளவையும் நான் தினம் எண்ணுகிறேன். அதன் வாய்க்குள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள். யார் தீனி வைப்பது, எப்படி வைப்பது?

நிலா சொன்னாள்: இரண்டு மாதமாகத் தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுக்கிறேன், அப்படித்தான் அதற்குப் பிடிக்கிறது, முகாமுக்குப் போகும்போது தாத்தாவிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

நான் ஐந்து நாளும் உலர்ந்த தீனியை வைத்திருக்கிறேன். நிலா வந்தபோது வலி முற்றி, ஊறியதைக்கூட அதனால் தின்ன முடியவில்லை.

மருத்துவர் எங்களைக் குறை சொல்லவில்லை. பெரும்பாலும் இப்படித்தான் தெரியாமல் போகும் என்றாள். நாய் பல் வலிக்கு ஊளையிடாது. பசியோடு கிண்ணத்துக்கு வரும், பிறகு திரும்பிப் போகும். ஒரு பக்கமாக மெல்லும், வாயிலிருந்து கீழே போடும். வீட்டில் யாராவது ஒருவர் தன்னை அறியாமல் உணவை மிருதுவாக்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார், அவர் இல்லாத நாளில்தான் விஷயம் வெளியே வரும். பிறகு தன் விரலை மைலோவின் இடது கண்ணுக்குக் கீழே வைத்தாள். மேல் கடைவாய்ப் பல்லின் வேர் இங்கேதான் முடிகிறது, அதில் சீழ் கட்டினால் இந்த இடம் வீங்கும், கண்ணில் நீர் வழியும், கண்ணில் ஏதோ கோளாறு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள் என்றாள்.

நான் உட்கார நாற்காலி தேடினேன்.

3

ஜிம்மியை மரகதம் எண்ணூர் சாலையில் எடுத்தாள். துறைமுகத்துக்குள் போகக் கன்டெய்னர் லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும் சாலை அது. ஒரு லாரியின் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே கிடந்த குட்டி. அவள் தண்டையார்பேட்டையில் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை. அன்று டோல்கேட்டில் பஸ்ஸைத் தவறவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து, பாதியில் இறங்கி, அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாள். ஒன்பது வருடம் எங்களோடு இருந்தது.

நான் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டை, பெட்டி, இரும்புச் சுருள் எல்லாவற்றையும் எண்ணிக் கோடு போடுவது வேலை. ஜிம்மியிடம் எனக்கு இருந்த உறவு ஞாயிற்றுக்கிழமை உறவு. ஆட்டுக்கறி வாங்கினால் நல்லி எலும்பை அதற்கு என்று வைத்திருப்பேன். அது கடைவாயில் வைத்து உடைக்கும் சத்தம் தெருவுக்குக் கேட்கும். வீட்டுக்கு வந்தவர்களை நிறுத்திக் கேட்கச் சொல்வேன். எங்கள் நாயின் பல்லைப் பார்த்தீர்களா என்பேன். வேகவைத்த எலும்பு நாயின் பல்லை நெடுக்காகப் பிளந்துவிடும், பிளந்த இடத்தின் வழியே வேர்வரை அழுகும் என்று இங்கே வந்து எழுபத்து நான்காவது வயதில் தெரிந்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜிம்மி எலும்பைக் கடித்து, ஒரு சத்தம் போட்டு, விட்டுவிட்டது. வயதாகிறது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு மரகதம் அதற்குச் சோற்றைப் பால் விட்டுக் குழைய ஆரம்பித்தாள். டீக்கடைப் பொறையைக் கையாலேயே நொறுக்கி டீயில் ஊறப்போடுவாள். பிள்ளைக்கு ஊட்டுவது போல என்ன இது என்று கேலி செய்தேன். "அது ஒரு பக்கமாவேதாங்க மெல்லுது. சனிக்கிழமை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாமா?" என்று கேட்டாள். சனிக்கிழமை என்றேன். எத்தனை சனிக்கிழமை போயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். ஏழு. எட்டாவது சனிக்கிழமைக்கு முந்திய புதன்கிழமை காலையில் அவள் போய்விட்டாள்.

துக்க வீட்டில் யார் நாய்க்குச் சோறு குழைப்பார்கள்? வந்த சொந்தக்காரர்கள் மிச்சமான சோற்றையும் வடையையும் தட்டில் வைத்தார்கள். அது வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அடுத்த நாளும் அப்படியே. நான்காம் நாள் அதன் இடது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வியாசர்பாடியிலிருந்து வந்த என் தம்பி மனைவிதான் முதலில் பார்த்தாள், ஐயோ நாய் அழுகிறதே என்று. அதற்குப் பிறகு துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துவிட்டு ஜிம்மியையும் பார்த்தார்கள். கண்ணுக்குக் கீழே வீங்கியது. அழுது அழுது வீங்கிவிட்டது என்றார்கள். மஞ்சள் அரைத்துப் பூசினோம். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஒரு பெரியவர் அதைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் அழவில்லை. எனக்கு வரவில்லை. எனக்குப் பதிலாக ஒரு ஜீவன் அழுகிறது என்பது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை இன்று வெட்கத்தோடு எழுதுகிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் நானே எடுத்துச் சொன்னேன். இன்றோடு எட்டு நாள், இன்றோடு பன்னிரண்டு நாள் என்று கணக்குச் சொன்னேன்.

ஒரே ஒருவன் வேறு மாதிரி சொன்னான். கன்னியப்பன் என்று பெயர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் குடியிருந்தவன், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் கட்டி கொண்டுபோகும் மூன்று சக்கர வண்டிக்காரன். பதினெட்டாம் நாளோ என்னவோ, ஜிம்மியின் முன்னால் குந்தி உட்கார்ந்து அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தான்.

"இன்னா சார், வாயி இப்டி நாறுது. பல்லு கெட்டுப் போயிகீது போல. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ சார்."

எனக்குக் கோபம் வந்தது. "அது துக்கத்துல இருக்கு கன்னியப்பா. உனக்கு அதெல்லாம் புரியாது" என்றேன். அவன் எழுந்து கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

இருபத்து மூன்றாம் நாள் ஜிம்மி செத்துப்போனது. மாலை போட்டோம். குழி தோண்டியது கன்னியப்பன்தான்.

4

மைலோவுக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் இரண்டு பல்லைப் பிடுங்க வேண்டும் என்றார்கள். வயதான நாய், இதயம் தாங்குமா என்று எனக்குப் பயம். அதற்கு முந்திய நாள் முழுவதும் கவிதாவிடம் வேண்டாமே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்பா, வலியோட அது எத்தனை நாள் இருக்கும்?" என்றாள். அவளுக்குத் தெரியாது, அந்தக் கேள்விக்கு என்னிடம் சரியான எண் இருந்தது.

காலை எட்டு மணிக்கு ஒப்படைத்தோம். இதயம் நின்றால் மீட்க முயலலாமா, கூடாதா என்று ஒரு கட்டத்தில் குறியிடச் சொன்னார்கள். கவிதா முயலலாம் என்று குறியிட்டுவிட்டு வேலைக்குப் போனாள். நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்குத் தொலைபேசி வந்தது. எக்ஸ்ரேயில் இரண்டு பல்லுக்குப் பதில் ஏழு பல் கெட்டிருப்பது தெரிகிறது, ஏழையும் எடுக்கலாமா என்று கேட்டார்கள். கவிதா தன் கைபேசியை எடுக்கவில்லை, அதனால் என்னைக் கேட்கிறார்கள். என் ஆங்கிலம் தொலைபேசியில் இன்னும் மோசம். எடுங்கள், எல்லாவற்றையும் எடுங்கள், வலி மட்டும் இருக்கக்கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். புரிந்துவிட்டது என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்.

மூன்றாம் நாள் மாலை மைலோ குழைத்த தீனியை ஒரு கிண்ணம் தின்றுவிட்டு, கிண்ணத்தை மூக்கால் சமையலறை முழுவதும் தள்ளிக்கொண்டு போனது. இன்னும் வேண்டும் என்று கேட்கிறது என்று அர்த்தம். நிலா சிரித்தாள். வயதாகிவிட்டது, சோர்ந்துவிட்டது என்று நாங்கள் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த நாய் அது. நான் எழுந்து என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஏழு வருடம் கழித்து அன்றுதான் எனக்கு அழுகை வந்தது. மரகதத்துக்கா ஜிம்மிக்கா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

5

மறுநாள் கன்னியப்பனைக் கூப்பிட்டேன். எண் மாறவில்லை. இங்கே மாலை, அங்கே பகல் பன்னிரண்டு. பின்னால் லாரிகளின் ஹாரன் கேட்டது. இப்போது வண்டி மிதிப்பதில்லையாம், முழங்கால் போய்விட்டதாம், மகன் மணலி புதுநகரில் வேலை பார்க்கிறானாம். நான் மைலோவின் பல்லைப் பற்றிச் சொன்னேன். ஜிம்மிக்கும் அதேதான் என்று சொன்னேன். நீ அன்றைக்கே சொன்னாய், நான்தான் உன்னை அவமானப்படுத்தி அனுப்பினேன் என்று சொன்னேன்.

"உடு சார். நா இன்னா டாக்டரா? நாறுச்சு, சொன்னேன்."

ஹாரன் அடங்கியதும் அவனே மறுபடி ஆரம்பித்தான்.

"ஒண்ணு சொல்லட்டா சார்? கோச்சிக்கக் கூடாது. அது உங்க வூட்லதான் தின்னல. சாயங்காலம் ஆனா எங்க வூட்டாண்ட வந்து நின்னுக்கினு இருக்கும். எம் பொஞ்சாதி கஞ்சியத் தண்ணியா கரைச்சு வெப்பா. தலைய ஒரு பக்கமா சாச்சிக்கினு நக்கி நக்கிக் குடிக்கும். கடைசி நாலு நாளு அதுவும் முடியல."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்டி சார் சொல்றது? டீச்சரம்மாவுக்காகப் பட்டினி கெடக்குதுன்னு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தீங்க. பொண்டாட்டியப் பறிகுடுத்துட்டு நிக்கிற மனுசன். உங்ககிட்ட வந்து, அது எங்க வூட்ல கஞ்சி குடிக்குது சார்னு சொல்ல எனக்கு வாயி வரல."

உன் மனைவியிடம் நான் கும்பிட்டதாகச் சொல் என்றேன். சொல்கிறேன் சார், சாப்பிட்டீங்களா என்றான்.

கைபேசியை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு வருடமாக நான் சொல்லிவந்த இருபத்து மூன்று என்ற எண் தப்பு. பத்தொன்பது நாள் அது பின்வீட்டு வாசலில் சோறு கேட்டு நின்றிருக்கிறது.

6

நினைவு நாளுக்குப் பத்து நாள் இருந்தது. சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் ஒன்பது நாளும் நினைத்தேன். யாருக்கு நஷ்டம்? கவிதாவுக்கு அம்மாவின் சாவில் மிச்சமிருக்கும் ஒரே நல்ல விஷயம் அது. நிலாவுக்கு எங்கள் ஊரிலிருந்து கிடைத்த ஒரே பொருள் அது. அதையும் பிடுங்கிவிட்டால் நான் வேறு எதைக் கொடுக்கப்போகிறேன்? திருவொற்றியூரில் எத்தனை ரயில்வே கேட் என்றா?

ஆனால் அந்தக் கதையால்தான் மைலோ ஐந்து நாள் பட்டினி கிடந்தது. மூன்று படித்த மனிதர்கள் ஒரு நாயின் வாயைத் திறந்து பார்க்காமல் இருந்ததற்கு அந்தக் கதைதான் காரணம். நிலா நாளைக்குத் தன் வீட்டில் ஒரு நாய் வளர்ப்பாள். அதுவும் ஒரு நாள் தட்டிலிருந்து திரும்பிப் போகும். அப்போது அவளுக்கு எங்கள் ஜிம்மியின் விரதம் ஞாபகத்துக்கு வரக்கூடாது.

நேற்று படங்களுக்குப் பூ வைத்தார்கள். இலைக்குப் பதில் தட்டுகள். கவிதா வழக்கம்போல ஆரம்பித்தாள், "அம்மா போன அன்னிலேர்ந்து ஜிம்மி..." என்று. நான் கையை நீட்டி நிறுத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். நல்லி எலும்பைச் சொன்னேன். ஏழு சனிக்கிழமைகளைச் சொன்னேன். உன் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, அவள் குழைத்துக் கொடுத்ததால்தான் அதுவரை தின்றது, எனக்குத் தெரியவில்லை என்றேன். கன்னியப்பன் சொன்னதையும், அவன் வீட்டுக் கஞ்சியையும் சொன்னேன். இந்தத் தடவை நிலா கைபேசியைப் பார்க்கவில்லை.

கவிதாவின் முகம் இறுகிப்போனது. "இதை ஏம்ப்பா இன்னிக்குச் சொல்றீங்க?" என்றாள். அவள் எழுந்து தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, எதையும் கழுவாமல், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே, "அது அழலையா அப்போ?" என்று கேட்டாள்.

"வலிச்சிருக்கும்மா" என்றேன்.

நிலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துத் தமிழிலேயே கேட்டாள்.

"அப்போ, ஜிம்மிக்குப் பசிச்சுதா தாத்தா?"

"பசிச்சுது" என்றேன். "தினமும் பசிச்சுது."